ஆஸி நதியின் நீர்ச்சக்கரங்கள்

ஆற்றங்கரையில் அமர்ந்து நீரோட்டத்தைக் காண்பதும் அதன் ஓசையைச் செவிமடுப்பதும் மனிதனின் மிகப் பழைய இளைப்பாறல்களுள் ஒன்று. கீழே ஆறுகள் ஓடும் சோலைகளை மறுமைப் பேறாகத் திருக்குர்ஆன் பலமுறை எடுத்துரைப்பதால், முஸ்லிம்களின் உள்ளத்தில் இவ்வின்பத்திற்குத் தனியோர் இடமுண்டு. ஆற்றின் காட்சியோடு அதன் ஓசைக்காகவும் புகழ் பெற்ற நகரங்களுள் சிரியாவின் ஹமா முதன்மையானது. அந்த ஓசையின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

லெபனானின் பிகாஉ பள்ளத்தாக்கில் பிறந்து, ஹிம்ஸ், ஹமா நகரங்களைக் கடந்து, அந்தாக்கியா வழியே மத்தியதரைக் கடலை அடைவது ஆஸி நதி. ‘ஆஸி’ என்னும் அரபுச் சொல்லுக்குக் கட்டுப்படாதவன், மாறு செய்பவன் என்று பொருள். அப்பகுதியின் மற்ற ஆறுகளுக்கு மாறாக வடக்கு நோக்கி ஓடுவதால் இப்பெயர் வந்ததென்பர். ஹமாவில் கரை உயர்ந்தும் நீர் தாழ்ந்தும் இருந்தமையால், கண்ணெதிரே ஆறு ஓடியும் அதன் நீர் தோட்டங்களுக்குத் தானாக ஏறவில்லை. இக்குறையைப் போக்கவே ‘நாஊரா’ எனப்படும் மாபெரும் மரச்சக்கரங்கள் எழுந்தன.

இச்சக்கரத்தைச் சுழற்ற மாடும் வேண்டா, மனிதனும் வேண்டா. ஓடும் நீரே பலகைகளைத் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றும். விளிம்பிலுள்ள பெட்டிகள் கீழே நீரை முகந்து, உச்சியில் கல்லால் கட்டிய கால்வாய்ப் பாலத்தில் ஊற்றும். அங்கிருந்து பள்ளிவாசல்களுக்கும் குளியலகங்களுக்கும் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் நீர் பிரியும். மர அச்சு மரத்தாங்கியின் மேல் உராய்ந்து சுழலும்போது, நீண்டதொரு முனகல் எழும். நாஊரா என்ற பெயரே முனகலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்ததாகும். சக்கரங்கள் பல அளவின. எனவே ஒவ்வொன்றின் குரலும் வெவ்வேறு.

இக்கருவியை முஸ்லிம்களே முதன்முதலில் கண்டுபிடித்தனர் என்று கூறுவது பொருந்தாது. ஹமாவுக்கு அருகிலுள்ள அபாமியாவில் கிடைத்த கி.பி. 469ஆம் ஆண்டின் தரைச்சித்திரம் ஒன்றில் இத்தகைய சக்கரம் காணப்படுகிறது. முன்னோர் விட்டுச் சென்ற நல்லதொரு கலையைப் பேணி வளர்த்து, நகர வாழ்வின் நடுவில் நிறுத்தியதே முஸ்லிம்களின் பணி. அதுவும் சிறுமையான பணியன்று.

அந்தலூஸிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் 1184ஆம் ஆண்டு ஹமாவைக் கண்டார். முதற்பார்வையில் அவரைக் கவராத அந்நகர், ஆற்றையும் இரு கரைகளிலும் எதிரெதிரே நின்ற சக்கரங்களையும் தோட்டங்களையும் கண்டபோது அவருக்கு வேறொன்றாகத் தோன்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹமாவின் ஐயூபி ஆட்சியாளரிடம் பணிபுரிந்த கணித அறிஞர் அலமுத்தீன் கைஸர் அங்கே நீர்ச்சக்கரங்களை அமைத்தார். அவர் செய்த வானக்கோளம் ஒன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இன்றும் உள்ளது. விண்மீன்களின் இடத்தைக் கணித்தவர் தோட்டத்துக்கு நீர் ஏற்றும் வேலையைத் தம் தகுதிக்குக் குறைந்ததாகக் கருதவில்லை என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஹமாவை ஆண்ட புவியியல் அறிஞர் அபுல் ஃபிதா (1273-1331), சிரியாவின் மற்ற நகரங்களினும் மிகுதியான நீர்ச்சக்கரங்கள் உள்ள ஊர்களென ஹமாவையும் ஷைஸரையும் குறித்தார். ஆற்றங்கரையில் அவர் எழுப்பிய பள்ளிவாசலிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

எஞ்சியுள்ள பதினேழு சக்கரங்களுள் மிகப் பெரியது முஹம்மதிய்யா. ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுடைய இது, பெரிய பள்ளிவாசலுக்கு நீர் கொண்டு செல்ல ஹிஜ்ரி 763இல் (கி.பி. 1361) அமைக்கப்பட்டதெனக் கால்வாய்ப் பாலத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. கரையில் அமர்ந்தோர் கேட்டு மகிழ்ந்த ஓசை, உளூச் செய்வோருக்கு நீர் ஏறிய ஓசையே. ஓடும் ஆற்றில் உளூச் செய்யினும் நீரை வீணாக்கலாகாது என்ற நபிமொழியை அறிந்த சமுதாயம், ஆற்றின் ஒரு பகுதியைப் பொதுநலனுக்கு உயர்த்திவிட்டு மீதியைத் தன் வழியே போகவிட்டது. இளைப்பாறலும் இபாதத்தும் உழைப்பும் அங்கே ஒரே அச்சில் சுழன்றன.

இக்கலை அந்தலூஸிலும் வேரூன்றியது. குர்துபாவில் அல்வாதில் கபீர் நதிக்கரையில் நின்ற அல்போலாஃபியா சக்கரம் அந்நகரின் முத்திரையிலேயே இடம்பெற்றது. அதன் ஓசை அருகிலிருந்த அரண்மனையில் தம் உறக்கத்தைக் கெடுத்ததால் அரசி இஸபெல்லா அதைக் கழற்றச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. ஓசை ஒன்றுதான். அதன் நீரால் வாழ்ந்தோருக்கு அது தாலாட்டு. நீருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எண்ணியோருக்கு அது வெறும் இரைச்சல்.

ஹமாவின் கரைகளும் துயரின்றி இருக்கவில்லை. 1982 பிப்ரவரியில் ஹாபிழ் அல்அஸதின் படைகள் நகரைத் தாக்கியபோது இறந்தோர் தொகை 10,000 முதல் 40,000 வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. பெரிய பள்ளிவாசல் தகர்க்கப்பட்டது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. ஆற்றையொட்டிய பழமையான கைலானிய்யா குடியிருப்போ அழிந்தே போயிற்று. அதன்பின் ஆற்றங்கரைக்கு வந்தோர் சக்கரங்களின் முனகலைக் கேட்க முடிந்தது. இறந்தோரைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியவில்லை. 2024 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபின், 2025 பிப்ரவரியில்தான் ஹமா மக்கள் தம் இறந்தோரை முதன்முறையாக வெளிப்படையாக நினைவுகூர்ந்தனர்.

இன்று நீரை ஏற்ற இயந்திரங்கள் வந்துவிட்டன. சக்கரங்கள் பெரும்பாலும் மரபுச் சின்னங்களாகவே நிற்கின்றன. முஹம்மதிய்யாவை 2006இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் பட்டயம் சக்கரத்தைச் சுழற்றாது. மேலே ரஸ்தன் அணையில் தேங்கிய நீர் போதிய அளவில் விடப்பட்டால்தான் அவை சுழலும். ஆறு வற்றினால் ஓசையும் அடங்கிவிடும். பழுதான மரங்களை மாற்றும் தச்சர்களின் கைத்திறன் தலைமுறை தாண்டினால்தான் அடுத்த நூற்றாண்டிலும் அவை நிற்கும். ஆற்றோரம் அமர்ந்து இளைப்பாற விழையும் எவரும், அந்த ஆற்றில் நீர் ஓடுவதற்கான பொறுப்பிலும் தமக்குப் பங்குண்டு என்பதை உணரவேண்டும். ஹமாவின் முன்னோர் அப்பங்கைச் செலுத்தினர். அதனாலேயே அவர்களின் ஆறு பல நூற்றாண்டுகள் முனகிக்கொண்டே ஊருக்கு நீர் தந்தது.