சேற்றுக் கிருமியும் சிறுநீரக நோயாளரும்

1911ஆம் ஆண்டில் இரங்கூன் நகரத்து வைத்தியசாலையிலே பிணச் சோதனை செய்துவந்த அல்பிரெட் விற்மோர் என்னும் வைத்தியர், அதுவரை எவரும் எழுதிவையாத ஒரு நோயைக் கண்டார். இறந்தோருட் பலர் வறியர், மார்பினுக்கு அடிமைப்பட்டோர். விற்மோருடன் உழைத்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி, பெயரைக் கொண்டு தென்னாட்டவர் எனலாம். 1912இல் இருவரும் சேர்ந்தே அதனை வெளியிட்டனர். எனினும் பிற்காலத்தார் அதற்கு 'விற்மோர் நோய்' என்றே பெயர் சூட்டினர். உடனுழைத்தார்க்கு வரலாறு செய்யும் வழக்கமான மரியாதை இதுதான் போலும்! 1921இல் மலாயாவிலிருந்த ஸ்ரான்ரனும் பிளெச்சரும் மெலியோடோசிஸ் என்னும் பெயரை வழங்கினர்.

இந்நோய்க் கிருமி ஈரமண்ணிலும் வயற்சேற்றிலும் வாழ்வது; காற்புண் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும். இலங்கையில் 1927இல் ஓர் ஐரோப்பியரிடத்தே முதன்முதற் கண்டறியப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் மிகச் சிலரே நோயாளராக எண்ணப்பட்டனர். 2006இன் பின்னர் ஆய்வுகூடங்கள் முறையாகத் தேடத் தொடங்கியபோது, பல மாவட்டங்களிலும் நோயாளர் வெளிப்பட்டனர். அரிதாயிருந்தது நோயன்று, தேட்டமே.

நீரிழிவும் நாட்பட்ட சிறுநீரக நோயும் உடையோரையே இக்கிருமி பெரிதும் பற்றும். 1943இல் ஒல்லாந்து நாட்டுக் காம்பன் நகரில் கொல்ப் என்பார் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். 1960இல் சியாற்றிலில் ஸ்கிரிப்னர் இரத்தக்குழாயில் நிலையான வழியமைத்ததனால், வாரந்தோறும் குருதியைச் சுத்திகரித்து ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்தல் கைகூடிற்று. ஆனால் குருதிக்கு அமைத்த வழி கிருமிக்கும் வழியாகும். சிறுநீரகம் பழுதானவனுடைய வெண்குருதிக் கலங்களும் வலிகுன்றியே இருக்கும்.

இனிக் கண்டிக்கு வருவோம். 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றியபோது சிறுநீரக நோய் பெரும் பேச்சாக இருக்கவில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்து நெல்விவசாயிகளிடையே, காரணம் துணியப்படாத சிறுநீரக நோயொன்று பெருகக் கண்டனர். அப்பகுதிகளிலிருந்தும், மகாவலிக் குடியேற்றமாகிய கிராந்துருக்கோட்டையிலிருந்தும் கண்டி வைத்தியசாலையை நாடி வந்தோர் பலர். சேற்றில் நின்றுழைத்த காலும், பழுதுற்ற சிறுநீரகமும், குருதியிற் செருகிய குழாயும் ஒருவனிடத்தே கூடுவது இங்ஙனமே.

அவனுக்குக் காய்ச்சல் கண்டால், குழாயிற் பற்றிய சாதாரணக் கிருமி என்றெண்ணுதல் இயல்பு. ஆய்வுகூடமும் இதனை வேறொரு கிருமியெனவோ, வெளியிலிருந்து கலந்த மாசெனவோ மயங்குதல் உண்டு. வழக்கமாய்க் கொடுக்கும் ஜென்ராமைசின் இதனிடம் செல்லாது. செப்ராசிடிம் போன்ற மருந்தை இரு வாரமேனும் நரம்புவழி ஏற்றி, பின் மூன்று மாதம் வேறு மருந்து உட்கொள்ளச் செய்தல் வேண்டும். சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவையும் குறைத்தல் வேண்டும். காலந்தாழ்த்தின் உயிர் தங்காது. ஆகவே, கடைசியாக எப்போது வயலில் இறங்கினாய் என்று வைத்தியர் நோயாளனை வினவி, அவன் விடையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் தாளிலும் எழுதிவிடுதல் நன்று.