டயருக்குச் செயின் கட்டிய கதை

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகள் இருக்கிற பக்கம் போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. போன மாதம் காலேஜ் புராஜெக்டுக்கு ஒரு பழைய பேரிங் தேடிப் போயிருந்தேன். ஒரு கடையின் மூலையில் கயிற்றேணி மாதிரி ஒரு இரும்புச் சங்கிலி கிடந்தது. இரண்டு ஓரத்திலும் நீளமாக இரண்டு சங்கிலி, நடுவில் படி படியாகக் குறுக்குச் சங்கிலிகள். கிணற்றில் இறங்குகிற ஏணியாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் எழுந்தது!

"இது என்னங்க பாய்?" என்று கேட்டேன்.

"மிலிட்டரி லாரிச் செயினுப்பா. பனியில போறப்போ டயர்ல மாட்டுவாங்க. சக்திமான் வண்டியோடது" என்றார் கடைக்காரர்.

(இது ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான சக்திமான் லாரி. டி.வி.யில் பம்பரமாய்ச் சுற்றியவர் இல்லை :-) )

எனக்கு ஒரே ஆச்சரியம். கோயமுத்தூரில் பனி என்றால் மார்கழி விடியலில் ஸ்வெட்டர் போட வைக்கிற பனி. புல்லில் முத்து முத்தாக நிற்பதும் பனிதான், காஷ்மீரில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனிதான். நமக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகும். அதுவும் உறைபனி, வெயில் ஏறினால் கரைந்து போய்விடும். லாரிக்குச் செயின் கட்டும் அளவுக்குத் தமிழ்நாட்டில் எங்கும் பனி பெய்வதில்லை. பிறகு அந்தச் சங்கிலிக்கு உக்கடத்தில் என்ன வேலை?

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமா இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து லோடு அடிக்கிறார். அதற்கு முன்னால் பல வருஷம் நேஷனல் பெர்மிட் லாரி. நான் சொன்னதைக் கேட்டு அவர் பேசாமல் இடது கையை நீட்டினார். மோதிர விரலில் நுனிக் கணு கிடையாது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற விரல்தான். ஏதோ லேத் மெஷினில் போனது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், நம் ஊரில் அப்படிப் பல கைகளைப் பார்க்கிறோமே.

"அந்தச் செயின் தின்னது மாப்ளே இது" என்றார்.

அன்று ராத்திரியே தேட ஆரம்பித்துவிட்டேன். அதில் கிடைத்த முதல் செய்தியே என்னைக் கவிழ்த்துவிட்டது. டயர் செயினைப் பெற்றெடுத்ததில் பனிக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு சேற்றுக்கும் உண்டு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்தவர் ஹாரி வீட். 1900ஐ ஒட்டிய அந்த வருஷங்களில் அமெரிக்கக் கிராமச் சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். மழை பெய்தால் கார் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். ஓட்டுநர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். கயிறு இல்லாவிட்டால் காட்டுக்கொடியைப் பிடுங்கிச் சுற்றுவார்கள். நாலு சுற்றில் அறுந்துவிடும். இதைப் பார்த்துத்தான், கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டால் என்ன என்று வீட் யோசித்ததாக அவருடைய குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். 1904 ஆகஸ்ட் 23 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 768,495. இரண்டு ஓரச் சங்கிலி, நடுவில் குறுக்குச் சங்கிலிகள் என்று உக்கடத்தில் நான் பார்த்த அதே ஏணிதான். நூற்றிருபது வருஷத்தில் ஒரு பொருள் இவ்வளவு கொஞ்சமாக மாறியிருப்பது அபூர்வம்.

வீட் செயினை ஊர் முழுக்கப் பேச வைத்ததில் மாயவித்தைக்காரர் ஹூடினிக்கும் பங்குண்டு. 1908ல் அதே டயர் செயின்களால் கட்டிப்போடப்பட்டு, மேடையில் அதிலிருந்து விடுபட்டுக் காட்டினார். என்ன ஒரு விளம்பரம் பாருங்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் பார்சன்ஸ் என்ற பெயரில் இதே மாதிரி செயின்கள் விற்றன.

சரி, சங்கிலி எப்படி வேலை செய்கிறது? காய்ந்த தார் ரோட்டில் ரப்பருக்கு நல்ல பிடி உண்டு. உராய்வுக் கெழு சுமார் 0.7 இருக்கும். பனிக்கட்டி மேல் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் மோசமானது பூஜ்ய டிகிரியை ஒட்டிய பனிக்கட்டி. அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர் படர்ந்து எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். கடுங்குளிரை விட, கொஞ்சம் உருகி மறுபடி உறைகிற சாயங்கால நேரம்தான் ஆபத்து என்று மாமா சொன்னதற்கு இதுதான் காரணம். குறுக்குச் சங்கிலியின் கண்ணிகள் அந்தச் சக்கரத்தின் மேல் விழுகிற எடையைச் சில சின்னப் புள்ளிகளில் இறக்கிப் பனியைக் கடிக்கின்றன. சேற்றிலும் அதே கதைதான். சேறு அப்பி வழவழவென்று ஆகிவிட்ட டயருக்குச் சங்கிலி புதிதாகப் பல் முளைக்க வைக்கிறது.

இதில் பிக்கப் வண்டிக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நம் ஊர் பிக்கப்புகள் பெரும்பாலும் பின்சக்கரத்தால் தள்ளப்படுபவை. லோடு இல்லாதபோது எடை முழுக்க என்ஜின் பக்கம். தள்ள வேண்டிய பின்சக்கரம் காற்றாட நிற்கும். அதனால் செயின் கட்ட வேண்டியது பின்சக்கரத்துக்கு. நாலு வீலும் இழுக்கிற வண்டியென்றால் நாலிலும் கட்டுவது உத்தமம். காலி வண்டியானால் பின் ஆக்ஸிலுக்கு மேலே நாலு மணல் மூட்டையும் போட வேண்டும். செயினோடு மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காய்ந்த ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணி அறுந்து வீல் ஆர்ச்சைக் கிழிக்கும், பிரேக் ஹோஸையும் கிழிக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ லாரிகளும் ஜீப்புகளும் செயினோடுதான் போர்முனைக்குப் போயின. சேறும் பனியும் எங்கே எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? போர் முடிந்த சூட்டில் இந்தியாவுக்குப் பனிமலையிலேயே ஒரு போர் வந்து சேர்ந்தது. 1948ல் ஸோஜி லா. 3,528 மீட்டர் உயரத்தில், ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகிற வழியில் இருக்கிற கணவாய். எதிரிகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் காலாட்படை போட்ட தாக்குதல் தோற்றது. டாங்கியைக் கொண்டுபோனால்தான் ஆகும் என்று முடிவு செய்தவர் தளபதி திம்மையா, நம் பக்கத்துக் குடகுக்காரர்.

டாங்கி போக ரோடு வேண்டுமே! பால்தல் என்ற அடிவாரத்திலிருந்து கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதைகள் போகிற பாதை மட்டும். அதை வெட்டி அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780ல் தொடங்கிய படை. ராணுவத்தில் இவர்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பட்டப்பெயர். வாழ்க்கையில் பனியே பார்க்காத ஊர்களிலிருந்து போன தம்பிகள் குளிரில் அந்த மலையைக் குடைந்தார்கள். நவம்பர் 1 அன்று, பனி பெய்துகொண்டிருக்க, ஸ்டூவர்ட் டாங்கிகள் அந்தப் பாதையில் ஏறிக் கணவாயைப் பிடித்தன. அந்த மாத முடிவுக்குள் திராஸ், கார்கில் இரண்டும் கைக்கு வந்தன. டாங்கி தன் சங்கிலியைத் தானே போட்டுக்கொண்டு போகிற வண்டி. அதன் பின்னால் எரிபொருளும் ரொட்டியும் ஏற்றிப் போகிற லாரிக்குத்தான் யாராவது கீழே படுத்துச் செயின் மாட்டிவிட வேண்டும். போர் வரலாற்றுப் புத்தகங்கள் டாங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கீழே படுத்தவனைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரி கூட இல்லை.

1956 டிசம்பரில் பனிஹாலில் ஜவஹர் சுரங்கம் திறந்தது. 1960 மே 7ல் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவானது. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குக் குளிர்காலத்திலும் லாரி போக முடிந்தது. அப்புறம்தான் கொங்கு நாட்டு லாரிக்காரர்கள் கதைக்குள் வருகிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. இங்கேயிருந்து பம்பு செட்டு போகும், அங்கேயிருந்து ஆப்பிள் வரும்.

மாமா போனது 2005 பிப்ரவரியில். அந்த வருஷம் காஷ்மீரில் பெய்தது சாதாரணப் பனியில்லை. வால்டெங்கு நார் என்ற ஊரே பனிச்சரிவில் புதைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மாமாவின் லாரி சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் நாள் கணக்காக நின்றது. ரோடு திறந்தபோது செயின் இல்லாத வண்டியை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். யாரிடமோ பழைய செயின் ஒரு ஜோடி வாங்கினார்.

"வாங்கிட்டேன் மாப்ளே, எங்க மாட்றதுன்னு தெரியோணுமே? ஸ்டியரிங்கு முன்னால இருக்குது, அப்ப முன்னாடிதான் பிடி வேணும்னு முன் வீல்ல மாட்டிப்போட்டேன்."

கிளட்சை விட்டதும் பின்சக்கரம் சுற்றியது, லாரியின் வால் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. பின்னால் நின்ற பஞ்சாபி டிரைவர் ஓடி வந்து, மாமாவுக்குப் புரியாத பாஷையில் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே செயினைக் கழற்றிப் பின்னால் போட உதவினார். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும், அப்புறம் வெளிப்பக்கம். உள்கொக்கியை மாட்ட மாமா கையை விட்டிருந்த நேரத்தில், டயரடியில் மாட்டியிருந்த செயினை விடுவிக்கக் கொஞ்சம் முன்னே எடுக்கச் சொல்வதாக நினைத்துக் கிளீனர் வண்டியை நகர்த்திவிட்டார். அரை அடிதான். குளிரில் மரத்துப்போன விரல், போனதே தெரியவில்லையாம். கையுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தார். அந்தப் பஞ்சாபிக்காரர் தன் தலைப்பாகைத் துணியில் கொஞ்சம் கிழித்துக் கட்டிவிட்டார். அதோடு சுரங்கம் தாண்டி லோடை இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி.

"கிளீனரைத் திட்டலீங்களா மாமா?"

"எதுக்குத் திட்டோணும்? சக்கரத்துக்குக் கல்லு வைக்காதது நாந்தானே" என்றார். அந்தக் கிளீனர் அப்புறம் பல வருஷம் அவரோடுதான் ஓடினார். இரண்டு பேருக்கும் செயின் மாட்டச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் கிடையாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைச்சாலைகளில் அக்டோபர் 1 வந்துவிட்டால் கனரக லாரிகள் செயின் வைத்திருந்தே ஆக வேண்டும். கட்டிக்கொள்வதற்கென்றே ரோட்டோரம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே குல்மார்க் போகிறவர்களையும் பனிக்காலத்தில் டங்மார்க்கிலேயே நிறுத்தி, செயின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது. மாட்டக் கற்றுக்கொடுக்க மட்டும் இன்னொரு டிரைவர்தான் வர வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தப் பாதையில் நிறைய மாறிவிட்டது. 2021ல் பனிஹாலுக்கும் காஜிகுண்டுக்கும் நடுவே எட்டரைக் கிலோமீட்டர் சுரங்கம் வந்தது. ஹிமாசலில் ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 2020 அக்டோபர் 3ல் அடல் சுரங்கம் திறந்தது. மலை மேல் ஏறாமல் மலைக்குள் புகுந்து போய்விடுகிறார்கள். செயினுக்கு வேலை குறைந்துகொண்டு வருகிறது. பாய் கடையில் ஒரு ஜோடி கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

மறுநாள் மாமாவே என்னைக் கூட்டிக்கொண்டு உக்கடம் போனார். பாயிடம் பேரம் பேசினார். சக்திமான் டயருக்கான செயின் பிக்கப்புக்கு ரொம்பப் பெரிசு. வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் கண்ணி வெட்டிக் குறைத்து, கொக்கியை மறுபடி வெல்டு வைத்தார். எதுக்கு இதெல்லாம் என்று அத்தை கத்தினார்.

இரண்டு வாரம் கழித்துப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் ஏற்றப் போனோம். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. வண்டி கேட்டுக்குள் இருபதடி போனதும் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அச்சு வரைக்கும் சேறு. மாமா இறங்கினார். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்ஜினை நிறுத்தி, சாவியை என் பாக்கெட்டில் போட்டார்.

"நான் கேக்கற வரைக்கும் குடுக்காத" என்று சொல்லிவிட்டுச் செயினோடு சேற்றில் படுத்தார்.