தாதிய ஆய்வு: நாம் அறிய வேண்டிய சொற்கள்

கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் இறந்த படையினரே அதிகம் என 1858இல் வரைபடமிட்டுக் காட்டினார் புளோரன்ஸ் நைட்டிங்கேல். தாதிய ஆய்வின் தொடக்கம் அது எனலாம்.

மாத்தளைத் தோட்டத் தாய்மாரின் குருதிச்சோகையை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது சாரா மாறி. ஹீமோகுளோபின் அளவு சார் மாறி. முன்னது கூடினால் பின்னது குறையும் என்ற எதிர்பார்ப்பு கருதுகோள். தாய்மார் அனைவரும் குடித்தொகை, தெரிவானவர்கள் மாதிரி. வீதியோர லயங்களில் மட்டும் விசாரித்துவிட்டு மேட்டு லயங்களை விட்டால் மாதிரி பக்கஞ்சாய்ந்துவிடும்.

எனக்கு முக்கியமானது அறிந்து வழங்கும் சம்மதம். வாசிக்கத் தெரியாத சிங்களப் படிவத்தில் கைநாட்டு வைத்தவர் என் அம்மா. விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள். மறுக்கலாம், இடையில் விலகலாம். அதற்காக யாரும் மருந்தை நிறுத்த முடியாது.