உயிரியல் பூங்கா கொரில்லாக்கள்: உணவும் உடலியக்கமும்

கூண்டிலோ அடைப்பிலோ வாழும் கொரில்லாவின் எடை, இதயம், பல், குடல், மனநிலை ஆகிய எல்லாவற்றிலும் அது உண்ணும் உணவின் தன்மைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உணவைத் தேடி உண்ண அது செலவிடும் நேரத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு. உணவு ஒரு துறை, உடற்பயிற்சி வேறு துறை என்று மனிதருக்குப் பிரித்துச் சொல்லலாம். கொரில்லாவுக்கு உண்பதே அன்றாட உழைப்பு.

ஒரகடம் தொழிற்பகுதி வழியாகச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் கிழக்கு முனையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. சென்னையில் 1855-இல் தொடங்கப்பட்டு, 1985-இல் வண்டலூருக்கு இடம் மாறிய பூங்கா அது. அங்கே சிம்பன்சிகள் உண்டு, கொரில்லா இல்லை. கொரில்லாவைப் பார்க்க விரும்பும் இப்பகுதிக்காரர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து மைசூரு வரை போக வேண்டும். மைசூரு சாமராஜேந்திர உயிரியல் பூங்காவுக்கு 1995-இல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வந்த போலோ என்ற ஆண் கொரில்லா, பல ஆண்டுகள் துணையின்றி வாழ்ந்து 2014-இல் இறந்தது. 2021-இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் அங்கு வந்து சேர்ந்தன.

உலகப் பூங்காக்களில் உள்ளவை ஏறத்தாழ எல்லாமே மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் இவை இலை, தண்டு, மரப்பட்டை, காட்டுப்பழம் ஆகியவற்றோடு எறும்பும் கறையானும் உண்கின்றன. பழம் பழுக்கும் பருவத்தில் அதைத் தேடி வெகுதூரம் நடக்கும். பழம் குறைந்தால் தழைக்குத் திரும்பும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, தேடுவதிலும் உரிப்பதிலும் மெல்லுவதிலும் கழிகிறது. வயிறு அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் பெருங்குடல்தான். கரையாத நார்ச்சத்து அங்கே நுண்ணுயிர்களால் நொதித்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. காட்டுக் கொரில்லாவின் ஆற்றலில் 57 விழுக்காடு வரை இவ்வழியே கிடைக்கிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உணவில் நேரடியாக வரும் கொழுப்பின் பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

கொரில்லா என்றதும் வாழைப்பழத்தை நினைக்கிறோம். உகாண்டாவின் பிவிண்டி காட்டையொட்டிய வாழைத்தோட்டங்களில் நுழையும் மலைக்கொரில்லாக்கள் பெரும்பாலும் குலையை விட்டுவிட்டு மரத்தைப் பிளந்து உள்ளிருக்கும் தண்டைத் தின்கின்றன. நம் சமையலறையில் பொரியலாகும் அதே வாழைத்தண்டு. மனிதர் சுவைக்காகப் பயிரிட்டு வளர்த்த பழங்களில் சர்க்கரை மிகுதி, நார் குறைவு. காட்டுப்பழத்துக்கு அவை ஈடாகா.

பூங்காக்கள் இதை உணர நீண்ட காலம் ஆனது. லண்டன் பூங்காவில் 1947 முதல் வாழ்ந்த 'கை' என்ற கொரில்லாவுக்குப் பார்வையாளர்கள் அன்போடு இனிப்புகளைக் கொடுத்தார்கள். பற்கள் சொத்தையாயின. 1978-இல் பல் அறுவைச் சிகிச்சையின்போது மாரடைப்பால் அது இறந்தது. கூண்டருகே எதையும் எறியக் கூடாது என்ற அறிவிப்பைக் கடந்துபோகும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பிற்காலத்தில் இனிப்புகளுக்குப் பதில் சத்துகளைக் கணக்கிட்டுச் செய்த பிஸ்கட்டுகள் வந்தன. வைட்டமின் குறைபாடு தீர்ந்தது, ஆனால் மாவுச்சத்து கூடியது. நாள் முழுவதற்குமான ஆற்றல் சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டது.

மீதி நேரம் என்ன ஆகும்? காட்டில் காணப்படாத ஒரு பழக்கம் பூங்காக்களில் பரவியது: உண்டதைக் கக்கி மீண்டும் உண்பது. சில கொரில்லாக்கள் தம் முடியைத் தாமே பிடுங்கின. எடை ஏறியது. எல்லாவற்றையும்விடக் கொடியது இதயநோய். வட அமெரிக்கப் பூங்காக்களில் வளர்ந்த ஆண் கொரில்லாக்களின் சாவுக்கு முதன்மைக் காரணம் அதுவே. மனிதருக்கு வருவதுபோல் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து வருவதன்று அது. இதயத்தசை சிறிது சிறிதாக நார்த்திசுவாக இறுகி, ரத்தத்தை இறைக்கும் வலுவை இழக்கிறது. காரணம் முழுமையாக விளங்கவில்லை. உணவு, உடற்பருமன், மன அழுத்தம், ரத்த அழுத்தம், மரபு எல்லாமே ஆராயப்படுகின்றன. காட்டில் விரும்பி உண்ணும் இஞ்சிக் குடும்பச் செடியான அஃப்ரமோமம் கிடைக்காமல் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளும் உண்டு.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து பூங்காவில் 2005-இல் புரூக்ஸ் என்ற கொரில்லா 21 வயதிலேயே இதயம் செயலிழந்து இறந்தது. அங்கே எஞ்சிய பெபாக், மொகோலோ என்ற இரு ஆண்களும் இதயநோயாளிகள். கிறிஸ்டன் லூகாஸ், எலேனா லெஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2009-இல் அவற்றின் பிஸ்கட்டைப் படிப்படியாக நிறுத்தினார்கள். லெட்டூஸ், டாண்டலியன் போன்ற கீரைகள், குதிரைமசால், பீன்ஸ், ஆளிவிதை, தழையோடு வெட்டிய கிளைகள் என்று உணவு மாறியது. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ காய்கறி. வைட்டமின் மாத்திரையை மட்டும் வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்தார்கள். உண்ணும் கலோரி முன்பைவிட ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனாலும் ஓராண்டுக்குள் இரண்டும் தலைக்கு ஏறக்குறைய 30 கிலோ குறைந்தன. முன்பு பகலில் கால் பங்கு நேரமே உணவில் கழிந்தது. இப்போது பாதிக்கும் மேல். கக்கி உண்ணும் பழக்கம் அடியோடு நின்றது. இதயம் முற்றும் சீராகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பட்டினி போட்டு எடையைக் குறைப்பதல்ல, உண்ணும் வேலையைத் திருப்பிக் கொடுப்பதே வழி என்பது அங்கே கண்முன் தெரிந்தது.

அதனால்தான் இன்றைய பராமரிப்பில் உணவைக் குவித்து வைப்பதில்லை. ஒரு நாளில் பலமுறை, புல்லுக்குள் தூவியும், உயரத்தில் கட்டியும், துளையிட்ட பெட்டிக்குள் ஒளித்தும் வைக்கிறார்கள். கொரில்லா நடக்கிறது, ஏறுகிறது, குச்சியால் நோண்டுகிறது. துணையும் அசைவைத் தூண்டும். காட்டில் ஓர் ஆண் பல பெண்களோடு வாழ்வதால், ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் பிறக்கும் பூங்காக்களில் ஆண்கள் மிஞ்சிவிடுகின்றன. அவற்றை ஆண் குழுவாகச் சேர்த்து வளர்ப்பது இப்போது வழக்கம்.

நோயை முன்கூட்டியே அறிய, பெருங்குரங்கு இதயத் திட்டம் என்ற கூட்டுமுயற்சி 2010-இல் அமெரிக்காவில் தொடங்கியது. மயக்கமருந்து நோயுற்ற இதயத்துக்கு ஆபத்தானது. ஆகவே பராமரிப்பாளர் பொறுமையாகப் பழக்கி, கொரில்லா தானாகவே கம்பிவலையில் மார்பை ஒட்டி நிற்கும்படி செய்கிறார். வலை வழியே எக்கோ கருவியை வைத்துப் பரிசோதிக்கிறார்கள். நோய் தெரிந்தால், மனிதருக்குத் தரப்படும் ரத்த அழுத்த, இதய மாத்திரைகளையே எடைக்கேற்பக் கொடுக்கிறார்கள்.