சரவாக் கடலில் எண்ணெய்: பணம் யாருக்கு?

சரவாக் கடலில் எண்ணெய் எடுத்தால் பணம் சரவாக்குக்குத்தானே என்று நினைப்பீங்க. சட்டம் அப்படிச் சொல்லல.

1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம், நிலத்திலும் கடலிலும் உள்ள எண்ணெய், எரிவாயு அனைத்தையும் பெட்ரோனாஸ் வசம் ஒப்படைத்தது. பெட்ரோனாஸ், பிரதமரின் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. ஷெல் போன்ற நிறுவனங்கள் அதனுடன் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் செய்தே எண்ணெய் எடுக்கின்றன.

மாநிலத்துக்கு 5 விழுக்காடு, கூட்டரசுக்கும் 5 விழுக்காடு. ஏதோ சமபங்கு மாதிரித் தெரியும். ஆனால் பெட்ரோனாஸ் செலுத்தும் வருமான வரியும் லாப ஈவும் கூட்டரசுக்கே போகின்றன. வரவுசெலவுத் திட்டமும் ஓரளவு அதை நம்பித்தான் போடப்படுகிறது.

சிக்கல் எல்லையில். 2012 சட்டம் மாநிலக் கடல் எல்லையை 3 கடல் மைலாகச் சுருக்கியது. சரவாக் அதை ஏற்கவில்லை; மலேசியா உருவாகும் முன்பே, 1958-இல் வந்த தன் எண்ணெய்ச் சுரங்கச் சட்டம் இன்னும் செல்லும் என்கிறது.