பாலும் உயிரணுவும்



1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர், தக்கையை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போலச் சிறுசிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். நாம் உயிரணு என்கிறோம். ஆனால் தக்கை இறந்துபோன பட்டை. ஹூக் கண்டவை, ஆள் குடிபெயர்ந்த வீட்டின் வெறுஞ்சுவர்களே.

உள்ளே குடியிருப்பது என்ன? 1831இல் இராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களில் உருண்டையான ஒரு பொருளைக் கண்டார். அதுவே உட்கரு, உயிரணுவின் வேலைகளுக்குக் கட்டளை தருவது. அதைச் சுற்றியுள்ள உயிர்க்குழம்பில், உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துத் தரும் மைட்டோகாண்டிரியா போன்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன.

இனி நம் ரப்பர் மரத்துக்கு வருவோம். அதன் பட்டைக்குள் வரிசையாக நிற்கும் சில உயிரணுக்கள், இடைச்சுவர்களைக் கரைத்துக்கொண்டு ஒரே குழாயாகிவிடுகின்றன. லயத்து வீடுகளின் நடுச்சுவர்களை இடித்தால் ஒரே நீண்ட கூடமாகும் அல்லவா, அப்படி. அந்தக் குழாயில் உள்ளதுதான் பால். மங்கில் சொட்டுவது மரத்தின் கழிவன்று, உயிரணுவின் குழம்பேதான்! அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர்.

குழம்பு ஓடிவிட்டால் உயிரணு சாக வேண்டாமா? சாவதில்லை. உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் பெரும்பாலும் குழாயின் சுவரை ஒட்டியே தங்கிவிடுகின்றன. அதனால் இரண்டு மூன்று நாளில் பால் மறுபடி ஊறுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கத்தின் பொருள் இதுதான்.

1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் தலைவராக வந்த ரிட்லி, இந்த உள்விவரங்கள் தெரியாத காலத்திலேயே நல்ல வெட்டுமுறையைக் கண்டார். பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள்; காயம் கட்டை வரை இறங்கும். ரிட்லியோ பட்டையை மட்டும் சீவி, அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று உண்டு. உளி அதைத் தொட்டுவிட்டால் அவ்விடத்தில் பட்டை சீராக வளராது. காயம் பட்ட மரத்தைக் கண்டு கங்காணி ஏசியது இதனால்தான். விடியுமுன் விளக்கொளியில், ஒரு மில்லிமீட்டர் பட்டையை மீதம் விட்டு உளியை நிறுத்திய நம் பெண்களின் கைத்திறனை எந்த வரலாற்று நூலும் போதுமான அளவு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பால் தானாகவே நின்றுபோவதும் உயிரணுவின் வேலைதான். பாலுக்குள் லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. 1960களில் கோலாலம்பூர் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இவற்றை ஆராய்ந்தார்கள். பட்டையை வெட்டியதும் குழாயில் அழுத்தம் சட்டென்று குறையும், பைகள் உடையும், அவற்றின் சாறு பட்டு ரப்பர்த் துகள்கள் திரண்டு, குழாயின் வாயை அடைத்துவிடும். மறுமுறை வெட்டும்போது கோட்டிலிருந்து உரித்தெடுக்கும் ஒட்டுப்பாலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அந்த அடைப்புத்தான்.