பெயர்ச்சொல்லாகிவிட்ட ஊர்

'ஹேண்ட்கர்ச்சீஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கைக்குட்டை என்று நாம் எளிதாகப் பொருள் சொல்லிவிடுகிறோம். ஆனால் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'கர்ச்சீஃப்' என்பது தலையை மூடுவது என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. அதனோடு 'ஹேண்ட்' ஒட்டிக்கொள்ளவே, கையில் வைத்திருக்கும் தலைத்துணி என்றாகிவிட்டது!

வணிகர் வழக்கில் அதன் பொருள் இன்னும் அகன்றது. கோடும் கட்டமுமாகத் தொடர்ந்து நெய்து, சதுரமாக வெட்டிக்கொள்ளத்தக்க துணி முழுவதும் அவர்களுக்கு ஹேண்ட்கர்ச்சீஃப்தான். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இடையில் உடுத்திய நம் சென்னைத் துணியும் அப்பெயரிலேயே கப்பலேறியது.

இத்துணிக்குப் பெயர்பெற்ற துறைமுகம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரி கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியர் பார்போசா, அங்கு முஸ்லிம் வணிகர் பலர் இருந்ததையும், மலாக்காவுக்கும் பெகுவுக்கும் துணி சென்றதையும் குறித்துள்ளார். டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது அதன் பின்னரே. 1690-இல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஊர் தளர்ந்தபோதும் பெயர் தளரவில்லை. 'புலிகாட்' என்றாலே வண்ணக் கைக்குட்டை என்று ஆங்கிலத்தில் பொதுப் பெயராயிற்று. இதில் விந்தை என்னவெனில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகள் 'புலிகாட்' நெய்யத் தொடங்கிவிட்டன. பழவேற்காட்டைக் காணாத நூலில், காணாத கைகள் நெய்த துணிக்கும் அதே பெயர்! போலி என்று எவரும் சொல்லவில்லை. சொல் பொதுவாகிவிட்டால் ஊருக்கு அதன்மேல் உரிமை ஏது?

கிழக்கே சென்ற பெயர் வேறுவிதமாக வாழ்ந்தது. மலாய் முஸ்லிம்கள் பள்ளிக்குச் செல்லும்போது உடுத்தும் கட்டம் போட்ட கைலி 'காயின் பெலேகாட்' எனப்படும். பெலேகாட் என்பது பழவேற்காடேயாகும்.

துறைமுகத்தின் பெயர் இவ்வாறு இரு திசைகளிலும் பரவிற்று. உள்நாட்டுச் சிற்றூர்களில் தறிக்குழியில் அமர்ந்து அத்துணியை நெய்தவர் ஊர்ப்பெயர்களோ எம்மொழியிலும் ஏறவில்லை. ஏற்றுமதி செய்த இடத்துக்கே புகழ் சென்றது.

அயலாரைச் சொல்வானேன்? நம் கடைகளில் 'பாளையக்காட் லுங்கி' என்று கேட்டு வாங்குகிறோம். வீட்டிலும் அதையே உடுத்துகிறோம். அது சென்னைக்கு வடக்கே ஒரு நாளில் போய்வரக்கூடிய ஓர் ஊரின் பெயரென்று நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?